ரிப்போர்ட்டில் ஆன்டிபாடி இருக்கிறது, மாத்திரையை நிறுத்தலாமா?

கேள்வி: டாக்டர், வணக்கம். நாங்கள் சிங்கப்பூரில் உட்லண்ட்ஸில் வசிக்கிறோம். என் கணவருக்கு வயது 46, துவாஸில் சூப்பர்வைசர் வேலை. 2021-இல் நிமோனியாவோடு மருத்துவமனையில் சேர்த்தபோது அவருக்கு எச்.ஐ.வி. இருப்பது தெரிந்தது. அந்த அதிர்ச்சியிலிருந்து ஒருவழியாக மீண்டு வந்துவிட்டோம். தினமும் ஒரு மாத்திரை. ரத்தத்தில் வைரஸ் கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்துவிட்டது என்று கிளினிக்கில் சொல்லி இரண்டு வருடத்துக்கு மேல் ஆகிறது. நானும் பரிசோதித்துக்கொண்டேன், எனக்குத் தொற்று இல்லை.

அண்மையில் நண்பர் ஒருவரோடு போய் ஒரு தனியார் கிளினிக்கில் முழு உடல் பரிசோதனை செய்துகொண்டார். ரிப்போர்ட்டில் எச்.ஐ.வி. ஆன்டிபாடி ‘ரியாக்டிவ்’ என்று இருந்தது. அதே வாரம் வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி வந்தது. எச்.ஐ.வி. உள்ள சிலருக்கு இரண்டு மூன்று வருடத்தில் எல்லா வகை வைரஸையும் முடக்கும் ஆன்டிபாடி உடம்பில் தானாகவே உருவாகும் என்று. “எனக்கும் வந்துவிட்டது, அதனால்தான் வைரஸ் தெரியவில்லை” என்கிறார். தீபாவளி வாரத்தில் அவருடைய மாத்திரைப் பெட்டியைத் திறந்து பார்த்தேன். திங்கள் முதல் வெள்ளி வரை ஐந்து அறையிலும் மாத்திரை அப்படியே இருந்தது. நான் அழுததால் இப்போது மறுபடியும் சாப்பிடுகிறார். ஆனால் புது வருடத்திலிருந்து நிறுத்திப் பார்க்கப்போவதாகச் சொல்கிறார்.

கோவிட் நேரத்தில் செய்த மாதிரி அந்த முடக்கும் ஆன்டிபாடி டெஸ்ட்டை இதற்கும் எடுக்க முடியுமா? இன்னொன்று, நோய் தெரிவதற்கு முன்பு அவரோடு எத்தனையோ காலம் வாழ்ந்தும் எனக்குத் தொற்றவில்லை. எனக்கு ஏதாவது எதிர்ப்புச் சக்தி இருக்கிறதா? தன் ரத்தம் ஆராய்ச்சிக்குப் பயன்படுமா என்றும் அவர் கேட்கச் சொன்னார். பெயர் வேண்டாம்.

பதில்: சகோதரி, முதலில் இன்றைக்குச் செய்ய வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். இன்றைய மாத்திரையை அவர் இன்றே சாப்பிட வேண்டும். விட்டுப்போன நாட்களுக்கும் சேர்த்து இரண்டு மூன்றாக விழுங்கக் கூடாது, வழக்கம்போல ஒன்றுதான். அடுத்து, அவர் வழக்கமாகப் போகும் எச்.ஐ.வி. கிளினிக்கை அழைத்து ஐந்து நாள் விட்டுப்போனதைச் சொல்லுங்கள். வைரஸ் அளவுப் பரிசோதனையை அடுத்த தேதி வரை தள்ளிப்போடாமல் சீக்கிரமே வைக்கச் சொல்லுங்கள். திட்டுவார்களோ என்று தயங்க வேண்டாம். மாத்திரை விட்டுப்போய் வருகிறவர்களை நாங்கள் எப்போதும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம். மறைத்தால்தான் எங்களுக்குச் சிக்கல், ஏனென்றால் எதை வைத்து ரிப்போர்ட்டைப் படிப்பது என்று தெரியாமல் போய்விடும். அந்த முடிவு வரும்வரை ஆணுறை பயன்படுத்துங்கள்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் கணவருக்கு வந்த செய்தி முழுப் பொய் இல்லை. முழுப் பொய்யாக இருந்திருந்தால் ஒரே வரியில் மறுத்துவிட்டுப் போயிருப்பேன். அதில் பாதி உண்மை இருக்கிறது. அந்தப் பாதியைச் சரியாகப் புரிந்துகொண்டால் அவரே மாத்திரைப் பெட்டியைத் தேடி எடுப்பார் என்று நம்புகிறேன். அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். இதை அவரிடம் படித்துக் காட்டுங்கள்.

அந்தப் பரிசோதனை ரிப்போர்ட்டை மறுபடி எடுத்துப் பாருங்கள். இப்படிப்பட்ட முழு உடல் பரிசோதனைகளில் பெரும்பாலும் ஹெபடைடிஸ் பி ஆன்டிபாடி என்றும் ஒரு வரி இருக்கும். தடுப்பூசி போட்டவர்களுக்கு அங்கே ‘ரியாக்டிவ்’ என்று வந்தால் நாங்கள் மகிழ்ச்சியோடு, உங்களுக்குப் பாதுகாப்பு இருக்கிறது, இனி ஊசி வேண்டாம் என்று சொல்லி அனுப்புவோம். அதற்குக் கீழே நாலைந்து வரி தள்ளி எச்.ஐ.வி. என்ற இடத்திலும் அதே ‘ரியாக்டிவ்’ வந்தால், பெரியவர்களுக்கு அதன் அர்த்தம் வேறு: இவர் உடம்புக்குள் அந்த வைரஸ் இருக்கிறது, உடம்பு அதைப் பார்த்திருக்கிறது என்பது மட்டும்தான். ஒரே தாளில் ஒரே மாதிரி அச்சிட்டுவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்து விளக்கம் சொல்லாமல் ரிப்போர்ட்டை அனுப்பிவிடுவது சரியில்லை என்பது என் உறுதியான கருத்து. உங்கள் கணவருக்கு நேர்ந்த குழப்பம் யாருக்கும் நேரக்கூடியதுதான்.

ஆன்டிபாடி என்பது கிருமியை எதிர்க்க உடம்பு செய்யும் புரதம். அது இருந்தாலே பாதுகாப்பு என்று நாம் பழகிவிட்டோம். தட்டம்மை வந்து போனால் ஆன்டிபாடி உருவாகும், பிறகு தட்டம்மை வராது. எச்.ஐ.வி.யில் அப்படி இல்லை. தொற்று ஏற்பட்டு வைரஸ் ரத்தத்தில் தெரிய ஆரம்பித்த இரண்டு வாரத்திலேயே முதல் ஆன்டிபாடிகள் வந்துவிடும். அவை வைரஸின் மேல் உள்ள புரதத்தில், பெரும்பாலும் ஜிபி41 என்ற பகுதியில், போய் ஒட்டிக்கொள்ளும். ஒட்டிக்கொள்ளும், அவ்வளவுதான். வைரஸ் செல்லுக்குள் நுழைவதை அவை தடுப்பதில்லை. பரிசோதனைக் கருவி கண்டுபிடிப்பது இந்த ஒட்டும் ஆன்டிபாடிகளைத்தான். அது ஒட்டுகிறதா என்று பார்க்குமே தவிர, முடக்குகிறதா என்று பார்ப்பதில்லை.

இதற்கு ஒரு நல்ல சாட்சி உண்டு. எச்.ஐ.வி. உள்ள தாய்க்குப் பிறக்கும் குழந்தைக்குத் தொற்றே இல்லாவிட்டாலும், தாயின் ஆன்டிபாடி நஞ்சுக்கொடி வழியாக வந்து பதினெட்டு மாதம் வரைகூடக் குழந்தையின் ரத்தத்தில் இருக்கும். அந்தக் குழந்தைக்கு ஆன்டிபாடி டெஸ்ட் எடுத்தால் ‘ரியாக்டிவ்’ என்றுதான் வரும். அதனால்தான் கைக்குழந்தைகளுக்கு அந்த டெஸ்டை நம்பாமல் வைரஸின் மரபணுவையே நேரடியாகத் தேடிப் பார்க்கிறோம். ஆன்டிபாடி இருப்பதால் நோய் இருக்கிறது என்றும் சொல்ல முடியாது, பாதுகாப்பு இருக்கிறது என்றும் சொல்ல முடியாது என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு எனக்குத் தெரிந்து இல்லை.

சரி, முடக்கும் ஆன்டிபாடி என்று ஒன்று எச்.ஐ.வி.யில் உண்டா? உண்டு. சிகிச்சை எடுக்காதவர்களுக்குத் தொற்று வந்து சில மாதங்கள் கழித்து, அவரவர் உடம்பில் உள்ள வைரஸையே நுழையவிடாமல் தடுக்கும் ஆன்டிபாடிகள் உருவாகின்றன. 2003-இல் அமெரிக்காவில் இரண்டு ஆய்வுக்குழுக்கள் இதைத் தனித்தனியாக ஆராய்ந்தன. ஒரு நோயாளியிடம் இன்று எடுத்த ரத்தத்தில் உள்ள ஆன்டிபாடியை, அதே நோயாளியிடமிருந்து பல மாதங்களுக்கு முன் எடுத்துவைத்த வைரஸோடு சேர்த்துப் பார்த்தார்கள். அருமையாக முடக்கியது. அதே ஆன்டிபாடியை இன்றைய வைரஸோடு சேர்த்தார்கள். பலிக்கவில்லை. ஆன்டிபாடி தயாராகி வருவதற்குள் வைரஸ் உருமாறிவிட்டிருந்தது. பழைய போட்டோவைக் கையில் வைத்துக்கொண்டு, தாடி வளர்த்து மொட்டையும் போட்டுக்கொண்ட ஆளைத் தேடுகிற போலீஸ்காரரின் நிலைதான் நம் உடம்புக்கு. புதுப் போட்டோ கிடைத்து உடம்பு அதற்கு ஏற்ற ஆன்டிபாடியைச் செய்வதற்குள் வைரஸ் அடுத்த உருவத்துக்குப் போய்விடும்.

இந்த வேகம் எங்கிருந்து வருகிறது என்று அவர் கேட்பார். எச்.ஐ.வி.யின் மரபணு மிகச் சிறியது, சுமார் 9,700 எழுத்துகள்தான். அதை நகலெடுக்கும் நொதி பிழை செய்துகொண்டே போகும். செய்த பிழையைத் திரும்பிப் பார்த்துத் திருத்தும் வசதி அதற்குக் கிடையாது. சிகிச்சை இல்லாத ஒருவர் உடம்பில் ஒரே நாளில் ஏறத்தாழ ஆயிரம் கோடி வைரஸ் துகள்கள் உற்பத்தியாகின்றன என்பது 1990-களிலேயே கணக்கிடப்பட்ட ஒன்று. அத்தனை கோடியில் ஆன்டிபாடிக்குப் பிடிபடாத சில இருக்கத்தான் செய்யும். அவை பிழைத்துப் பெருகும்.

வைரஸின் மேற்புறத்தையும் சொல்ல வேண்டும், அதன் தந்திரம் முழுவதும் அங்கேதான். ஃபுளூ வைரஸின் மேல் நூற்றுக்கணக்கான முட்கள் நெருக்கமாக இருக்கும். எச்.ஐ.வி. மேல் சராசரியாகப் பதினான்கு முட்கள்தான், அவையும் தள்ளித் தள்ளி. ஆன்டிபாடிக்கு இரண்டு கைகள் உண்டு. இரண்டாலும் சேர்த்துப் பிடித்தால்தான் பிடி இறுகும். முட்கள் இவ்வளவு இடைவெளியில் இருந்தால் ஒரு கைதான் எட்டும். அந்த முள்ளிலும் வெளிப்பக்கமாக இருக்கும் ஜிபி120 என்ற புரதத்தின் எடையில் பாதி, சர்க்கரைச் சங்கிலிகள். ஒவ்வொன்றிலும் ஏறக்குறைய இருபத்தைந்து சங்கிலிகள் புரதத்தை மூடிக்கொண்டிருக்கும். அந்தச் சர்க்கரை நம் செல்லே பூசிவிட்டது. அதனால் உடம்பு அதை அந்நியப் பொருளாகப் பார்ப்பதில்லை. எந்த இடத்தில் ஆன்டிபாடி பிடிக்கிறதோ அங்கே ஒரு சங்கிலியை நகர்த்திவைத்தாலே வைரஸ் தப்பிவிடும்.

இப்போது வாட்ஸ்அப் செய்தியின் உண்மையான பாதிக்கு வருவோம். இரண்டு மூன்று வருடங்கள் இந்தத் துரத்தல் நடந்த பிறகு, சிலருடைய உடம்பில் பல வகை வைரஸ்களை முடக்கக்கூடிய ஆன்டிபாடிகள் உருவாகின்றன. ஓரளவு பரந்த திறன் உள்ளவை பத்தில் ஒருவர் முதல் மூன்று பேர் வரை காணப்படும். மிகச் சிறந்த திறன் என்று சொல்லத்தக்கவை நூறில் ஒருவருக்குத்தான். 2009-இல் சுமார் 1,800 பேரின் ரத்தத்தைச் சலித்துப் பார்த்து, ஆப்பிரிக்காவைச் சேர்ந்த ஒருவரிடமிருந்து பிஜி9, பிஜி16 என்ற இரண்டு ஆன்டிபாடிகளைப் பிரித்தெடுத்தார்கள். அடுத்த வருடமே அமெரிக்காவின் தடுப்பூசி ஆய்வு மையம் விஆர்சி01 என்ற ஒன்றை வெளியிட்டது. சோதித்த வைரஸ் வகைகளில் 90 விழுக்காட்டை அது முடக்கியது. வைரஸ் நம் செல்லைப் பிடித்துக்கொள்ளும் இடத்திலேயே, எந்த இடத்தை வைரஸால் எளிதில் மாற்றிக்கொள்ள முடியாதோ அங்கேயே, அது போய் உட்கார்கிறது. எங்கள் துறையில் இருப்பவர்களுக்கு அது பெரிய மகிழ்ச்சியைத் தந்த செய்தி. இன்றைக்கும் அந்த ஆன்டிபாடியின் படத்தைப் பார்த்தால் எனக்கு வியப்பு அடங்குவதில்லை.

ஆனால் உங்கள் கணவர் கேட்க வேண்டியது அந்தக் கதையின் அடுத்த பகுதியை. விஆர்சி01 யாருடைய உடம்பில் பிறந்ததோ, அவருடைய உடம்பிலிருந்த வைரஸை எடுத்து அதே ஆன்டிபாடியோடு சேர்த்துப் பார்த்தார்கள். அது பெரும்பாலும் முடங்கவில்லை. உலகத்தில் உள்ள வைரஸ்களில் பத்தில் ஒன்பதை முடக்கிய ஆன்டிபாடி, அதை உருவாக்கியவரின் வைரஸிடம் தோற்றுப்போயிருந்தது. ஏனென்றால் அந்த ஆன்டிபாடியைப் பார்த்துப் பார்த்தே வளர்ந்த வைரஸ் அது. இவ்வகை ஆன்டிபாடி உள்ளவர்களுக்கு நோய் மெதுவாக முற்றுகிறதா என்றும் தேடிப் பார்த்திருக்கிறார்கள். அப்படி ஒரு நன்மை அவர்களுக்குக் கிடைத்ததாகத் தெரியவில்லை. மாத்திரை இல்லாமலேயே வைரஸை அடக்கி வைத்திருக்கும் மிகச் சிலர் உலகில் உண்டு, நூறில் ஒருவருக்கும் குறைவு. அவர்களைக் காப்பாற்றுவதும் முக்கியமாக டி-செல்கள் என்ற நோய் எதிர்ப்புச் செல்களின் வேலை, ஆன்டிபாடி அல்ல.

இன்னொரு செய்தியும் இதில் இருக்கிறது. விஆர்சி01 போன்ற ஆன்டிபாடி, அதன் தொடக்க வடிவத்திலிருந்து மூன்றில் ஒரு பங்கு மரபணு எழுத்துகள் மாறி உருவானது. சாதாரண ஆன்டிபாடியில் இந்த மாற்றம் இதைவிட மிகக் குறைவு. அவ்வளவு மாற வேண்டுமானால் வருடக்கணக்கில் ரத்தத்தில் வைரஸ் நிறைய இருக்க வேண்டும், அதுவும் பல உருவங்களில் இருக்க வேண்டும். உங்கள் கணவர் ரத்தத்தில் இரண்டு வருடமாக வைரஸ் தெரியாத அளவில் இருக்கிறது. அதற்குக் காரணம் மாத்திரை. வைரஸே இல்லாத ரத்தத்தில் இந்த ஆன்டிபாடி வளர்வதற்கான தூண்டுதலும் இல்லை. அதை வரவழைக்க வேண்டுமென்று மாத்திரையை நிறுத்தினால், வருடக்கணக்கில் எதிர்ப்புச் செல்களைப் பலிகொடுத்து, நூறில் ஒருவருக்குக் கிடைக்கும் ஒன்றுக்காகக் காத்திருக்க வேண்டும். கிடைத்தாலும் அவருக்கே அது உதவாது. 2021-இல் நிமோனியாவோடு வந்தார் என்று எழுதியிருக்கிறீர்கள். எதிர்ப்புச் சக்தி இறங்கினால் என்ன ஆகும் என்பதை அவர் உடம்பே ஒருமுறை காட்டிவிட்டது.

அந்த டெஸ்ட்டைப் பற்றிக் கேட்டீர்கள். கோவிடுக்கு எடுத்ததில் ஒன்று நம் ஊர்க் கண்டுபிடிப்பே. 2020-இல் டியூக்-என்யுஎஸ் மருத்துவக் கல்லூரியில் பேராசிரியர் வாங் லின்ஃபாவின் குழு உருவாக்கிய சிபாஸ் சோதனை, உயிருள்ள வைரஸ் இல்லாமலேயே ஒரு மணி நேரத்தில் முடக்கும் ஆன்டிபாடி இருக்கிறதா என்று சொல்லிவிடும். அப்போது உலகம் முழுக்கப் பரவிய கோவிட் வைரஸ்களுக்குள் வித்தியாசம் குறைவு. அதனால் ஒரு புரதத்தை வைத்தே எல்லாருக்கும் சோதிக்க முடிந்தது. எச்.ஐ.வி.யில் ஒவ்வொரு நோயாளியின் வைரஸும் வேறு. ஆய்வுக்கூடங்களில் வெவ்வேறு நாடுகளின் வைரஸ் மாதிரிகளை வரிசையாக வைத்து, தொற்றினால் ஒளிவிடும் செல்களின் மேல் ஒவ்வொன்றாகச் சோதிப்பார்கள். அது ஆராய்ச்சி வேலை. பலதுறை மருந்தகத்திலோ தனியார் கிளினிக்கிலோ எடுத்துத் தரும் டெஸ்ட் அல்ல, சிகிச்சை முடிவுகளுக்கு அதைப் பயன்படுத்துவதும் இல்லை.

எங்கேயாவது அதைச் செய்து தருவதாகச் சொன்னாலும், உங்கள் கணவரின் ரத்தத்தில் நேரடியாகச் செய்தால் முடிவு தவறாகவே வரும். காரணத்தைக் கவனியுங்கள். அவர் ரத்தத்தில் மாத்திரையின் மருந்து கலந்திருக்கிறது. சோதனைக்குப் போட்ட வைரஸை அந்த மருந்தே செல்லுக்குள் பெருகவிடாமல் நிறுத்திவிடும். பார்க்கிறவருக்கு ஆன்டிபாடிதான் முடக்கிவிட்டது போலத் தெரியும். இதனால்தான் ஆய்வாளர்கள் சிகிச்சையில் இருப்பவர்களின் ரத்தத்தை அப்படியே பயன்படுத்தாமல், மருந்தைக் கழித்து ஆன்டிபாடியை மட்டும் பிரித்தெடுத்துச் சோதிக்கிறார்கள். மாத்திரை செய்த வேலைக்கு ஆன்டிபாடிக்குப் பாராட்டு கிடைக்கும் இந்தத் தவறு, “அதனால்தான் வைரஸ் தெரியவில்லை” என்று உங்கள் கணவர் சொல்வதிலும் நடந்திருக்கிறது.

அப்படியானால் வெளியே தயாரித்த ஆன்டிபாடியை ஊசியாகப் போட்டுக்கொள்ளலாமே என்று கேட்கலாம். முயன்றிருக்கிறார்கள். விஆர்சி01-ஐத் தொற்று இல்லாதவர்களுக்கு எட்டு வாரத்துக்கு ஒருமுறை நரம்பு வழியாக ஏற்றி, நாலாயிரத்து அறுநூறுக்கும் மேற்பட்டவர்களிடம் சோதித்த முடிவு 2021-இல் வந்தது. மொத்தத்தில் தொற்றைக் குறைக்கவில்லை. அந்த ஆன்டிபாடிக்கு எளிதில் மசியும் வைரஸ் வகைகளை மட்டும் கணக்கெடுத்தால் 75 விழுக்காடு குறைந்திருந்தது. ஆனால் பரவிக்கொண்டிருந்த வைரஸ்களில் அப்படிப்பட்டவை மூன்றில் ஒரு பங்குதான். தொற்று உள்ளவர்களிடமும் முயன்றார்கள். இரண்டு ஆன்டிபாடிகளைச் சேர்த்துக் கொடுத்து மாத்திரையை நிறுத்திப் பார்த்த 2018 ஆய்வில், இரண்டுக்கும் மசியும் வைரஸ் உள்ள சிலருக்கு நடுமதிப்பாக 21 வாரம் வைரஸ் திரும்பாமல் இருந்தது. மருத்துவமனைக் கண்காணிப்பில், முன்கூட்டிச் சோதித்துத் தேர்ந்தெடுத்தவர்களிடம் கிடைத்த முடிவு அது. அதைப் படித்துவிட்டு வீட்டில் யாரும் முயன்று பார்க்கக் கூடாது.

நம் வட்டாரத்துக்கு ஒரு கூடுதல் தடையும் உண்டு. தென்கிழக்காசியாவில் பரவலாக இருப்பது ஏஇ என்ற வைரஸ் வகை. சிங்கப்பூரில் அதோடு பி வகையும் உண்டு. இரண்டும் கலந்து உருவான ஒரு வகை முதலில் அடையாளம் காணப்பட்டதே இங்கேதான். அந்த 2018 ஆய்வில் சேர்த்துக் கொடுத்த இரண்டு ஆன்டிபாடிகளில் ஒன்று, முள்ளின் 332-ஆம் இடத்தில் உள்ள சர்க்கரைச் சங்கிலியைப் பிடிப்பது. ஏஇ வகையில் பெரும்பாலும் அந்தச் சங்கிலி இரண்டு இடம் தள்ளி 334-இல் இருக்கிறது. அவ்வளவு சின்ன நகர்வு, அதற்கே அந்த ஆன்டிபாடி பயனில்லாமல் போகிறது.

மாத்திரையை நிறுத்தினால் என்ன நடக்கும்? பெரும்பாலானவர்களுக்கு இரண்டு முதல் நான்கு வாரத்தில் வைரஸ் திரும்ப வரும். அது எங்கிருந்தோ புதிதாக வருவதில்லை. பழைய கிருமிகளை நினைவில் வைத்திருக்கும் சில டி-செல்களின் மரபணுவுக்குள்ளேயே அது தன் மரபணுவைச் சேர்த்துவைத்துத் தூங்குகிறது. அந்தச் செல்லின் வெளியே முள் எதுவும் நீட்டிக்கொண்டிருக்காது, அதனால் எந்த ஆன்டிபாடிக்கும் அது தெரியாது. மாத்திரை நின்றதும் சில செல்கள் விழித்துக்கொள்ளும். நிறுத்தி நிறுத்திச் சாப்பிட்டால் நல்லதா என்று 5,472 பேரிடம் நடத்திய ஆய்வு ஒன்று 2006-இல் வெளியானது. நிறுத்தியவர்களிடம் கடும் நோயும் இறப்பும் இரண்டு மடங்குக்கு மேல் இருந்ததால் அந்த முறையைப் பாதியிலேயே கைவிட்டார்கள். அதோடு, சில மருந்துகள் ரத்தத்திலிருந்து மெதுவாக வெளியேறுபவை. கொஞ்சம் மருந்து, கொஞ்சம் வைரஸ் என்ற நிலையில் அந்த மருந்துக்குக் கட்டுப்படாத வைரஸ் உருவாகிவிடும். அப்புறம் ஒரு மாத்திரையில் முடிந்தது பல மாத்திரைகளாக ஆகலாம். ஹெபடைடிஸ் பி தொற்றும் சேர்ந்து இருப்பவர்களுக்கு இன்னும் ஆபத்து. இந்த மாத்திரைகளில் பல ஹெபடைடிஸையும் சேர்த்து அடக்குபவை, திடீரென நிறுத்தினால் கல்லீரல் அழற்சி கடுமையாகத் திரும்பும். உங்கள் கணவருக்கு அந்தத் தொற்று இருக்கிறதா இல்லையா என்பது கிளினிக்கில் பதிவாகியிருக்கும், கேட்டுக்கொள்ளுங்கள்.

இனி உங்களைப் பற்றி. உங்கள் டெஸ்ட் ‘நெகடிவ்’ என்றால் உங்கள் ரத்தத்தில் எச்.ஐ.வி. ஆன்டிபாடி எந்த வகையிலும் இல்லை என்று பொருள். எனவே ஆன்டிபாடி உங்களைக் காப்பாற்றியிருக்க முடியாது. பிறவியிலேயே சிலருக்கு வைரஸ் நுழையும் கதவுகளில் ஒன்றான சிசிஆர்5 வேலை செய்யாது. இரண்டு பெற்றோரிடமிருந்தும் அந்த மாற்றத்தைப் பெற்றவர்கள் வட ஐரோப்பிய வம்சத்தவரில் நூறில் ஒருவர். இந்திய வம்சாவளியினரில் மிக மிக அரிது. உங்கள் விஷயத்தில் விளக்கம் இதைவிட எளிது. ஆணிடமிருந்து பெண்ணுக்கு ஒருமுறை உறவில் தொற்றும் வாய்ப்பு சராசரியாகப் பத்தாயிரத்தில் எட்டு. வைரஸ் அளவு கூடினால் அதுவும் கூடும். பல வருடம் சேர்ந்து வாழ்ந்தும் தொற்றாத தம்பதிகள் நிறைய இருக்கிறார்கள். அது உங்கள் நல்ல நேரம். அந்த நல்ல நேரம் இனியும் தொடரும் என்று நம்பி இருந்துவிடக் கூடாது.

இந்த இரண்டு வருடமாக உங்களைக் காத்ததும் அவருடைய மாத்திரைதான். ஒருவர் தொற்று உள்ளவராகவும் மற்றவர் இல்லாதவராகவும் இருந்த 888 தம்பதிகளைத் தொடர்ந்து கவனித்த ஐரோப்பிய ஆய்வின் முடிவு 2016-இல் வந்தது. ஆணுறை இல்லாமல் சுமார் 58,000 முறை உறவு நடந்தும், சிகிச்சையில் வைரஸ் அடங்கியிருந்த துணையிடமிருந்து ஒருவருக்குக்கூடத் தொற்றவில்லை. இதை அவரிடம் சொல்லுங்கள். அவர் தினமும் விழுங்கும் ஒரு மாத்திரை இரண்டு பேருக்குமான மருந்து. நீங்களும் இப்போது ஒரு டெஸ்ட் எடுத்துக்கொள்ளுங்கள், ஆறு வாரம் கழித்து இன்னொன்று. அவர் பிடிவாதமாக நிறுத்தியே தீருவேன் என்றால், உங்களுக்கு எச்.ஐ.வி. தொற்றாமல் காக்கும் தடுப்பு மாத்திரை கொடுக்கச் சொல்லி அதே கிளினிக்கில் கேட்கலாம்.

ஒரு விஷயம் என் மனதில் தோன்றுகிறது. மூன்று நான்கு வருடம் ஒழுங்காக மாத்திரை சாப்பிட்டவர் திடீரென்று ஒரு வாட்ஸ்அப் செய்தியைப் பிடித்துக்கொள்கிறார் என்றால், அவருக்குச் சலித்துவிட்டது. அல்லது வேறு ஏதோ உறுத்துகிறது. தீபாவளி வாரம் என்று எழுதியிருக்கிறீர்கள். வீடு நிறைய உறவினர்கள் வந்திருந்தார்களா? அண்ணன், அத்தை, பிள்ளைகள் எல்லாரும் சுற்றி இருக்கும்போது மாத்திரையை எடுத்தால் இது எதற்கு என்று யாராவது கேட்பார்களே என்று விட்டிருக்கலாம். அப்படியானால் அவருக்கு ஆன்டிபாடி பற்றிய விளக்கத்தைவிட, பெயர் ஒட்டாத ஒரு சின்ன டப்பாவும், வேலைக்குக் கிளம்பும் நேரத்துக்கு மாத்திரை நேரத்தை மாற்றிக்கொள்வதும் அதிகம் உதவும். மாத்திரையால் தூக்கம் கெடுகிறது, எடை கூடுகிறது என்றாலும் வாய்விட்டுச் சொல்லட்டும். இப்போது மாற்று மருந்துகள் நிறைய உண்டு. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை போடும் ஊசி மருந்தும் வந்துவிட்டது. அவருக்கு அது பொருந்துமா, செலவு எவ்வளவு ஆகும் என்று மருத்துவரிடமும் மருத்துவ சமூக சேவகரிடமும் கேட்கட்டும். மாத்திரை ஏன் விட்டுப்போனது என்று அவரிடம் கோபமில்லாமல் ஒருமுறை கேளுங்கள். பதில் சொல்லும்வரை பொறுமையாக இருங்கள்.

கடைசியாக, தன் ரத்தம் ஆராய்ச்சிக்குப் பயன்படுமா என்று அவர் கேட்டது. எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இதுதான். பிஜி9-உம் விஆர்சி01-உம் கிடைத்தது முகம் தெரியாத நோயாளிகள் ரத்தம் கொடுத்ததால்தான். விஆர்சி01 வகை ஆன்டிபாடியின் விதைச் செல்களைத் தொற்று இல்லாதவர் உடம்பில் தடுப்பூசியால் தட்டி எழுப்ப முடியுமா என்று ஒரு முதல்கட்டச் சோதனை நடந்தது. ஊசி போட்ட 36 பேரில் 35 பேருக்கு அது முடிந்தது என்று 2022-இல் முடிவு வெளியானது. தடுப்பூசி வர இன்னும் பல படிகள் இருக்கின்றன, ஆனால் இந்த வழி திறந்ததற்கு அந்த நோயாளிகளே காரணம். மாத்திரையில் இருப்பவர்களின் ரத்தமும் பல ஆய்வுகளுக்குத் தேவைப்படுகிறது, அதற்காக எதையும் நிறுத்த வேண்டியதில்லை. அவருடைய கிளினிக்கில் இப்போது ஏதாவது ஆய்வுக்கு ஆள் சேர்க்கிறார்களா என்று அடுத்த முறை போகும்போது கேட்கட்டும். முறையான ஆய்வென்றால் எதற்காக என்று விளக்கி, ஒப்புதல் படிவத்தில் கையெழுத்து வாங்கி, பெயரை மறைத்துத்தான் ரத்தம் எடுப்பார்கள். எந்த நேரத்திலும் விலகிக்கொள்ளலாம். அவர்கள் உங்களிடம் ஒரு வெள்ளிகூடக் கேட்க மாட்டார்கள். ஆன்டிபாடி பார்த்துத் தருகிறோம், இத்தனை வெள்ளி என்று யாராவது சொன்னால் அங்கே போக வேண்டாம்.